எடை குறைய எதற்கு முதலிடம்: தட்டுக்கா, நடைக்கா?

75 கிலோ எடையுள்ள ஒருவர் காலையில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் மணி நேரம் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பு கொஞ்சம் செலவழித்திருக்கும். அதைக் கழித்துவிட்டால், நடையால் கூடுதலாகப் போனது ஏறக்குறைய 140 கலோரி. திரும்பி வரும் வழியில் டீக்கடையில் ஒரு மெதுவடை சாப்பிட்டால் சுமார் 150 கலோரி உள்ளே வந்துவிடும். டீயில் போட்ட பாலும் சர்க்கரையும் தனி.

இந்தக் கணக்கைக் கேட்டதும் சிலர் "அப்போ நடந்து பிரயோஜனமே இல்லை" என்று ஷூவைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அதுவும் தப்பு. எடையைக் கீழே இறக்குவதில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கு. இறங்கிய எடை மறுபடி ஏறாமல் பார்த்துக்கொள்வதிலும், இறங்கும்போது போவது கொழுப்பாக இருக்கச் செய்வதிலும் பெரும்பங்கு உடற்பயிற்சிக்கு. வேலை, பஸ், பிள்ளைகள், சமையல் எல்லாம் போக நாளுக்கு ஒரு மணி நேரம் மிஞ்சுகிற ஒருவர், அந்த ஒரு மணி நேரத்தையும் தன் மன உறுதியையும் எந்த மாதம் எதில் போடுவது என்பதைத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டையும் ஒரே ஆய்வில் வைத்துப் பார்த்தபோது

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மாதவிடாய் நின்ற, எடை கூடிய 439 பெண்களை நான்கு குழுவாகப் பிரித்து ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். முடிவு 2012-இல் வெளியானது. சாப்பாட்டை மட்டும் கட்டுப்படுத்தியவர்களுக்கு எடை 8.5 சதவீதம் குறைந்தது. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 2.4 சதவீதம். இரண்டும் செய்தவர்களுக்கு 10.8 சதவீதம். ஒன்றும் செய்யாத குழுவுக்கு 0.8 சதவீதம். 80 கிலோ உள்ள ஒருவருக்கு இதைக் கிலோவாக்கினால் முறையே சுமார் 6.8, 1.9, 8.6. உடற்பயிற்சிக் குழுவுக்குக் கொடுத்த இலக்கு வாரம் 5 நாள், தினம் 45 நிமிடம். வாரத்துக்கு 225 நிமிடம் என்பது நம்மில் பெரும்பாலோர் செய்வதைவிட அதிகம். அப்படிச் செய்தும் ஓராண்டில் 2 கிலோ போலத்தான்.

உடற்பயிற்சியால் மட்டும் எடை குறையவே குறையாதா என்றால், குறையும்; ஆனால் விலை அதிகம். 2013-இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், வாரம் 5 நாள் கண்காணிப்பாளர் முன்னிலையில் ஒவ்வொரு முறையும் 400 அல்லது 600 கலோரி செலவாகும் வரை பயிற்சி செய்ய வைத்தார்கள். உணவில் கை வைக்கவில்லை. பத்து மாதத்தில் முதல் குழுவுக்கு 4.3 சதவீதமும் இரண்டாம் குழுவுக்கு 5.7 சதவீதமும் குறைந்தது. 75 கிலோக்காரர் 400 கலோரி செலவழிக்க ஐந்தரை கிலோமீட்டர் போல ஓட வேண்டும், அல்லது ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள், பத்து மாதம், விடாமல். ஓடுகிற பழக்கமும் முழங்காலும் நேரமும் உள்ளவருக்கு இது நல்ல வழி. மற்றவர்கள் இதை நம்பி இறங்கினால் ஆறாவது வாரத்தில் சலித்துவிடும்.

நடை ஏன் கணக்குக்குக் குறைவாகவே கொடுக்கிறது

ஒரு கிலோ உடல்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. தினம் 140 கலோரி வீதம் 30 நாள் நடந்தால் 4,200. அதாவது மாதம் அரை கிலோவுக்குச் சற்று மேல் இறங்க வேண்டும். நடைமுறையில் அதுகூட இறங்காததற்குக் காரணங்கள் உண்டு.

முதல் காரணம், நடந்த திருப்தியில் தட்டில் விழும் கூடுதல் கரண்டி. இதைப் பேராசை என்று திட்டுவதில் அர்த்தமில்லை. உடம்பு செலவுக்கு வரவு கேட்கிறது. அடுத்தது, காலையில் வேர்க்க விறுவிறுக்க நடந்தவர் மாலையில் மாடிப்படிக்குப் பதில் லிஃப்டில் ஏறுவதும், ஞாயிற்றுக்கிழமை சோபாவிலேயே கிடப்பதும். மூன்றாவது, கைக்கடிகாரம். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு வகை மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே காட்டின. ஆனால் செலவான கலோரியைச் சொல்வதில் இருந்ததிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். கடிகாரம் காட்டிய கலோரியை நம்பி அதே அளவுக்குச் சாப்பிடக்கூடாது.

உடம்புக்குள்ளேயே ஒரு சரிக்கட்டலும் நடக்கிறது. டான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் மொத்த ஆற்றல் செலவை அளந்த மானுடவியலாளர் ஹெர்மன் பான்ட்ஸர் குழு, உடல் அளவுக்கு ஈடுகட்டிப் பார்த்தால் அது நகரவாசிகளின் செலவைவிடப் பெரிதாக அதிகமில்லை என்று 2012-இல் காட்டியது. நிறைய நடக்கிற உடம்பு வேறு இடங்களில் செலவைச் சுருக்கிக்கொள்கிறது என்பது அவர்களது விளக்கம்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு சான்று உண்டு, அது நம் நாட்டினுடையது. மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றின் தொழிலாளர்களை ஆராய்ந்து ஊட்டச்சத்து ஆய்வாளர் ழான் மேயர் 1956-இல் வெளியிட்ட கட்டுரையில், மூட்டை தூக்குகிறவர்கள் வேலைக்கேற்ப அதிகம் சாப்பிட்டார்கள், எடை கூடவில்லை. ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தவர்கள், லேசான வேலை செய்தவர்களைவிடக் குறைவாகச் சாப்பிட்டிருக்க வேண்டும் அல்லவா? அவர்கள் அதிகமாகவே சாப்பிட்டார்கள், எடையும் அதிகம். உடல் அசைவு ஓர் அளவுக்குக் கீழே போனால் பசி தன் கணக்கை இழந்துவிடுகிறது. அதனால் முழுநாளும் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவருக்கு அரை மணி நடை தரும் பலன் வெறும் 100 கலோரியோடு முடிவதில்லை.

சாப்பாட்டை மட்டும் குறைத்தால் என்ன கெடும்

அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன, உடல் பருமன் உள்ள 107 பேரை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2011-இல் வந்தது. உணவுக் குழு 10 சதவீத எடையை இழந்தது. உணவும் பயிற்சியும் சேர்ந்த குழு 9 சதவீதம். எடை மெஷினை மட்டும் பார்த்தால் பயிற்சியால் ஒரு லாபமும் இல்லை. ஆனால் கொழுப்பு நீங்கலான உடல் எடை உணவுக் குழுவுக்கு 5 சதவீதம் குறைந்தது, சேர்ந்து செய்தவர்களுக்கு 3 சதவீதம். இடுப்பெலும்பின் அடர்த்தி முதல் குழுவுக்கு சுமார் 3 சதவீதம் குறைய, இரண்டாம் குழுவுக்கு 1 சதவீதமே குறைந்தது. நடப்பது, எழுவது, படி ஏறுவது ஆகியவற்றைச் சோதிக்கும் மதிப்பெண் உணவுக் குழுவில் 12 சதவீதம் கூடியது. சேர்த்துச் செய்தவர்களுக்கு 21 சதவீதம். 68 வயது அம்மா ஒருவர் தரையிலிருந்து கையூன்றாமல் எழுகிறாரா என்பது எனக்கு அவருடைய எடையைவிடப் பெரிய விஷயம். பட்டினி கிடந்து 6 கிலோ குறைத்து, தொடைச் சதையும் கூடவே கரைந்து, பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் அந்த 6 கிலோவால் யாருக்கு என்ன லாபம்?

பசியின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உடல் எடையை ஆராயும் கெவின் ஹால் குழுவின் கணிப்பின்படி, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. பசியோ கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 கலோரி போலக் கூடுகிறது. 5 கிலோ குறைத்தவரின் உடம்பு, முன்பு சாப்பிட்டதைவிடத் தினம் 500 கலோரி அதிகமாகக் கேட்கிறது என்று பொருள். நான்காவது, ஐந்தாவது மாதத்தில் "டயட்டை விட்டுட்டேன்" என்று சொல்பவரைச் சோம்பேறி என்று ஏசுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். உடற்பயிற்சி கைகொடுக்கிற இடம் இதுதான். அமெரிக்காவில் 1994 முதல் நடந்துவரும் ஒரு பதிவேட்டில், 13.6 கிலோவாவது குறைத்து ஓராண்டாவது அப்படியே வைத்திருப்பவர்களைச் சேர்க்கிறார்கள். அவர்களில் 90 சதவீதம் பேர் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். 75 சதவீதம் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். எடையைக் குறைக்கும்போது உடற்பயிற்சி மட்டுமே செய்து வென்றவர்களோ அந்தப் பதிவேட்டில் 100-க்கு ஒருவர் போலத்தான்.

அடுப்படியில் எங்கே கலோரி ஒளிந்திருக்கிறது

முதலில் உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். எடையைக் கிலோவில் 10-ஆல் பெருக்குங்கள். உயரத்தைச் சென்டிமீட்டரில் 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆணானால் 5 கூட்டவும், பெண்ணானால் 161 கழிக்கவும். உட்கார்ந்து வேலை செய்பவர் வந்த விடையை 1.4-ஆல் பெருக்கினால் ஒருநாள் செலவு கிடைக்கும். 40 வயது, 165 செ.மீ., 75 கிலோ ஆணுக்கு சுமார் 2,200. 40 வயது, 155 செ.மீ., 65 கிலோ பெண்ணுக்கு சுமார் 1,750. நம்மவர்களுக்கு இந்தச் சூத்திரம் சற்று கூட்டியே காட்டும். தொடங்குவதற்கு இது போதும். இதில் 450 முதல் 500 கலோரி குறைத்தால் அந்த ஆணுக்கு 1,700, அந்தப் பெண்ணுக்கு 1,300. வாரம் அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். இதைவிட வேகம் வேண்டாம்.

எண்ணெயிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. நல்லெண்ணெயோ, ஆலிவ் எண்ணெயோ, செக்கு எண்ணெயோ எல்லாம் ஒன்றுதான். இட்லிப் பொடியில் குழி பறித்து ஊற்றும் எண்ணெய் இரண்டு இட்லிக்குச் சமம். மாதக் கணக்கு பார்ப்பது இன்னும் சுலபம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரித் தட்டுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து நாளுக்கு 27 கிராம் ஒதுக்கியிருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். மளிகைச் சிட்டையை எடுத்துப் பாருங்கள். 5 லிட்டர் வாங்குகிற வீடானால் தலைக்கு நாளொன்றுக்கு 38 கிராம் போகிறது. இதனால் மட்டும் ஆளுக்கு 100 கலோரி கூடுதல். எடை குறைக்கும் காலத்தில் ஆளுக்கு 20 கிராம், அதாவது நான்கு பேருக்கு 2.6 லிட்டர் என்று வைத்துக்கொண்டு, அந்த மாத எண்ணெயைத் தனி டப்பாவில் ஊற்றிவைத்தால் சமைப்பவர் கை தானாகக் கட்டுப்படும். பாட்டிலிலிருந்து நேராக வாணலியில் ஊற்றுவதை நிறுத்திக் கரண்டியால் ஊற்றினாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது சோறு. ரைஸ் குக்கரோடு வரும் அளவுக் கப்பில் சுமார் 150 கிராம் அரிசி பிடிக்கும். அதை இரண்டு பேர் மதியத்துக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஏறக்குறைய 200 கிராம் சோறு, 260 கலோரி. சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று போட்டுக்கொள்ளும் நம் வழக்கத்தில் 400 கிராம் சுலபமாக உள்ளே போகும். சோற்றை முழுதாக விடச் சொல்லவில்லை. ஒருமுறைதான் சோறு; ரசத்தைக் கிண்ணத்தில் குடியுங்கள், மோரை டம்ளரில் குடியுங்கள். முதலில் பொரியலையும் கூட்டையும் பாதிக்கு மேல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றில் கை வைத்தால் 200 கிராமே போதுமாகிவிடும்.

சோற்றை விட்டுச் சப்பாத்திக்கும் தினைக்கும் மாறினால் எடை குறையும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. கோதுமை மாவு, கேழ்வரகு, தினை எல்லாம் 320-க்கும் 350-க்கும் இடையேதான். நார்ச்சத்து கூடுதல், வயிறு சீக்கிரம் நிறையும், அதெல்லாம் சரி. ஆனால் நான்கு சப்பாத்தி மீதும் தலா ஒரு கரண்டி எண்ணெய் தடவினால் சோறே மேல். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்கள். எள்ளில் பாதி எண்ணெய்தான், ஆகவே முதல் பாதி அப்படியே சரி. கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. 100 கிராமில் 22 கிராம் புரதமும் நல்ல நார்ச்சத்தும் இருப்பதால், சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிட்டால் உதவும். சோற்றோடு கூடுதலாகச் சாப்பிட்டால் எடை ஏறும். வெந்நீரில் தேன் கலந்து குடிப்பதற்கும் இதே கதைதான். ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரிக்கு மேல்.

1,700 கலோரி நாள் எப்படி இருக்கும்? காலை சர்க்கரை இல்லாத டீ. மூன்று இட்லி, ஒரு கப் சாம்பார், ஒரு வேகவைத்த முட்டை. நடுவில் ஒரு கொய்யாவோ பெரிய டம்ளர் நீர்மோரோ. மதியம் 200 கிராம் சோறு, பருப்பு நிறையப் போட்ட சாம்பார், ஒரு பொரியல், ஒரு கீரைக்கூட்டு, அரை கப் தயிர். மாலை ஒரு கப் சுண்டல், தேங்காய் தூவாமல். இரவு எண்ணெய் இல்லாமல் இரண்டு சப்பாத்தி, பருப்புக் கடையல், காய். 1,300-க்கு இதிலேயே ஒரு இட்லி, ஒரு சப்பாத்தி, அரை கப் சுண்டல், 80 கிராம் சோறு எடுத்துவிட்டால் போதும். காயைக் குறைக்க வேண்டாம்.

இந்தப் பட்டியலின் பலவீனம் புரதம். 1,700 கலோரி நாளிலேயே சுமார் 65 கிராம்தான் வரும். எடை குறையும்போது சதையைக் காக்க, எட்ட நினைக்கும் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் தேவை. 65 கிலோ இலக்கானால் 78 கிராம். அசைவம் சாப்பிடுபவர் மதியம் குழம்பில் வெந்த 100 கிராம் மீன் சேர்த்தால் 20 கிராம் வந்துவிடும். சைவக்காரருக்கு 25 கிராம் உலர்ந்த சோயா உருண்டையில் 13 கிராம், வெறும் 85 கலோரிக்கு. பனீர் நல்ல புரதம்தான், ஆனால் 100 கிராம் பனீரில் 250 கலோரிக்கு மேல் என்பதை மறந்துவிட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

"நான் கொஞ்சம்தான் சாப்பிடுறேன், ஆனாலும் குறையல" என்பது நேர்மையாகச் சொல்லப்படுவதுதான். ஆனாலும் 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படிச் சொன்னவர்களின் உண்மையான அளவைச் சோதித்தபோது, அவர்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். பொய் இல்லை, நினைவில் தங்குவதில்லை. சமைக்கும்போது உப்பு பார்த்தது, பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த அரை தோசை, ஆபீசில் பிறந்தநாள் கேக், கோயில் சர்க்கரைப் பொங்கல். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி இரண்டு வாரம் மட்டும் நிறுத்து எழுதுங்கள். அதற்குமேல் வேண்டாம்; கண்ணுக்கே அளவு பழகிவிடும்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. நம் வீடுகளில் டயட் இருப்பவர் ஒருவர், சமைப்பவர் இன்னொருவர். கணவருக்கு ஒரு சாப்பாடு, மாமியாருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று மூன்று உலை வைக்க ஒருவரால் முடியாது. வீடு முழுக்க அதே குழம்பு, எண்ணெயும் தேங்காயும் பாதி. சோற்று அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறட்டும். காய் நறுக்கும் வேலையை எடை குறைப்பவரே ஏற்றுக்கொண்டால் இந்த ஏற்பாடு நிற்கும்.

உடற்பயிற்சியில் எது, எவ்வளவு

முதல் நாளிலிருந்தே வேண்டியது சதைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி. வாரம் இரண்டு நாள், 20 நிமிடம் போதும். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது 10 முறை. பழகியவர் பஸ்கி எடுக்கலாம். சுவரில் கை வைத்துத் தண்டால் 10 முறை, பிறகு மேசை உயரத்துக்கு, பிறகு தரைக்கு. 5 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றைக் குனிந்து, முதுகு வளையாமல், முழங்கையை மடக்கி இடுப்புவரை இழுப்பது பக்கத்துக்கு 10. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது 12. இந்த நான்கையும் ஒரு சுற்றாக வைத்து மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் எடையையோ எண்ணிக்கையையோ கூட்டவும். மூச்சை அடக்காமல், தூக்கும்போது வெளியே விடவும். தொடங்கிய வாரத்தில் வலி இரண்டு நாள் இருக்கும், போய்விடும். மூட்டுக்குள் குத்தும் வலியானால் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள்.

நடையை முதல் மாதம் சாப்பாட்டுக்குப் பின் 10 முதல் 15 நிமிடமாக வைத்தால் போதும். ரத்தச் சர்க்கரை ஏறுவதை அது தணிக்கும். எட்டாவது வாரம் போல எடை இறங்கும் வேகம் குறையும்போது நடையை ஏற்றுங்கள்: வாரம் 150 நிமிடம், பிறகு 250, எடையை நிறுத்திவைக்கும் கட்டத்தில் நாளுக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். நான் இந்த வரிசையை விரும்பக் காரணம், முதல் மாதத்தில் மன உறுதி முழுவதும் அடுப்படிக்குத் தேவைப்படுகிறது. காலை 5 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடந்து, பசியோடு ஆபீஸ் போய், மதியம் சோற்றையும் பாதியாக்கினால் மூன்றாம் வாரம் இரண்டும் கைவிட்டுப் போகும். தொப்பைக்கென்று வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்பவர்களுக்கு வயிற்றுச் சதை பலப்படும்; மேலே உள்ள கொழுப்பு அந்த இடத்திலிருந்து மட்டும் கரையாது.

யாருக்கு வரிசை மாறும்

எடை சரியாக இருந்து தொப்பை மட்டும் உள்ளவர். ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் நம்மவர்களுக்கு அது ஆபத்து எல்லை. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 23-க்குள் இருந்து இடுப்பு மட்டும் தாண்டியிருந்தால், கலோரியைப் பெரிதாகக் குறைக்காமல் புரதத்தையும் சதைப் பயிற்சியையும் முன்னால் வையுங்கள். எடை ஒரு கிலோகூடக் குறையாமல் பெல்ட் ஓட்டை ஒன்று உள்ளே போவது இவர்களுக்கு வெற்றி.

சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர். சென்னையில் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், விளிம்பில் இருந்த 531 பேர் பங்கேற்றார்கள். உணவு, உடற்பயிற்சி அறிவுரையைப் பின்பற்றிய குழுவில் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அந்தக் குழுவின் எடையோ சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. இந்த நிலையில் இருப்பவர் முதல் நாளிலிருந்தே இரண்டையும் தொடங்க வேண்டும். எடை மெஷின் அசையவில்லை என்று நடையை நிறுத்தவே கூடாது.

இன்சுலின் போடுபவர், சர்க்கரையை இறக்கும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். முதலில் டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொண்டு பிறகு தட்டில் கை வைக்கவும். நடக்கும்போது சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

முழங்கால் தேய்ந்தவருக்குச் சாப்பாடுதான் முதலில், சந்தேகமே இல்லை. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது. நடைக்குப் பதில் ஓரிடத்தில் நிற்கும் சைக்கிள், நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்குவது.

60 தாண்டியவருக்குக் கலோரிக் குறைப்பு 300-க்கு மேல் வேண்டாம், சதைப் பயிற்சி வாரம் மூன்று நாள். மாடி ஏறும்போது நெஞ்சு இறுக்கமோ வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்போ இருந்தால் எந்தப் பயிற்சியும் தொடங்கும் முன் இதயப் பரிசோதனை.

எடை நின்றுவிட்டால்

முதல் வாரத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ குறைவது பெரும்பாலும் தண்ணீர். உடம்பில் சேமித்த மாவுச்சத்து ஒரு கிராம் செலவாகும்போது, அதோடு ஒட்டியிருந்த மூன்று கிராம் தண்ணீரும் போகிறது. அதே காரணத்தால் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கிலோ ஏறுவதும் கொழுப்பில்லை. ஆகவே காலையில் கழிப்பறை போய் வந்தபின், வெறும் வயிற்றில், ஒரே மெஷினில், ஒரே இடத்தில் வைத்து எடை பார்த்து வாரச் சராசரியை எழுதுங்கள். பெண்கள் மாதவிடாய்ச் சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

மூன்று வாரச் சராசரி அசையாமல் நின்றால் முதலில் தராசை மறுபடி எடுத்து ஐந்து நாள் நிறுத்துப் பாருங்கள். அளவு மெல்ல ஏறியிருக்கும். அளவு சரியாக இருந்தால், குறைந்த எடைக்குப் புதிதாகக் கணக்குப் போட்டுச் சோற்றில் 100 கலோரி எடுத்துவிட்டு, நாளுக்கு 20 நிமிட நடை சேர்க்கவும். பெண்கள் 1,200 கலோரிக்கும் ஆண்கள் 1,500-க்கும் கீழே சொந்தமாக இறங்க வேண்டாம். வேகமாகக் குறைத்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவதும் பித்தப்பைக் கல் வருவதும் உண்டு. இவ்வளவும் செய்து பன்னிரண்டு வாரத்தில் 2 சதவீதம்கூடக் குறையாதவர் தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனை செய்து, எடுத்துவரும் மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஸ்டீராய்டு, இன்சுலின், மனநலத்துக்கான சில மாத்திரைகள் எடையைக் கூட்டுபவை. மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள், தானாக நிறுத்திவிடாதீர்கள்.